ஆறில் ஒன்று அளவில்

ஒரு காலணியைக் கையில் வாங்கியதும் முகப்பைப் பார்ப்பவர் அதை அணிகிறவர். கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்ப்பவர் அதைச் செய்கிறவர். டில்லியில் ஒரு பல்கலைக்கழக விடுதியின் இரண்டாம் மாடி அறைக்கு வந்துபோகிறவர்களை அந்த ஆய்வு மாணவன் இவ்வாறுதான் இனம்பிரித்து வந்தான். இரண்டு ஆண்டுகளில் வந்தவர்களுள் ஒருவர்கூடக் கவிழ்த்துப் பார்த்ததில்லை. மேசையில், ஆய்வேட்டின் மூன்றாம் இயலுக்கான அச்சுப்படிகளை ஒட்டி நிற்கும் அந்த பூட்ஸ் ஜோடியின் நீளம் 4.8 சென்டிமீட்டர். பன்னிரண்டு அங்குல உயரமுள்ள போர்வீரன் பொம்மை ஒன்றுக்காகச் செய்யப்பட்டது அது. வருகிறவர்கள் வியப்பார்கள், கைப்பேசியில் படம் எடுப்பார்கள், 'எவ்வளவு பொறுமை' என்பார்கள். பொறுமை என்ற சொல் அவனுக்குப் பிடிக்காது. திறனைத் திறன் என்று சொல்ல மனம் வராதவர்கள் பயன்படுத்தும் சொல் அது என்பது அவன் கருத்து. அந்தக் கருத்தில் நியாயம் உண்டு.

அவன் ஆக்ராவைச் சேர்ந்தவன். ஹிங் கி மண்டி என்னும் காலணிச் சந்தைக்கு நடந்துபோகும் தொலைவில் உள்ள ஜாடவ் குடியிருப்பில் வீடு. வீட்டின் முன்னறை பட்டறை, பின்னறை குடும்பம். அவனது ஆய்வும் அந்த முன்னறையிலிருந்து தொடங்குகிறது. பட்டறைக்காரர் காலணிகளைச் செய்து சந்தை வியாபாரியிடம் கொண்டுபோனால் கைமேல் பணம் கிடைப்பதில்லை. 'பர்ச்சி' என்னும் ஒரு துண்டுச்சீட்டே கிடைக்கும். சில மாதங்கள் கழித்துப் பணமாகும் சீட்டு அது. அதுவரை அடுப்பு காத்திராது என்பதால், சீட்டை வாங்கிப் பணம் தரும் வேறொருவரிடம் அதை மதிப்புக் குறைத்து விற்றுவிடுவார்கள். உழைத்தவருக்குரிய பணத்தில் ஒரு பகுதி, காத்திருக்க முடியாத குற்றத்துக்காகக் கழிக்கப்படுகிறது. கடனும் காலமும் சாதியும் இந்தச் சீட்டில் எப்படிச் சந்திக்கின்றன என்பதே அவனது கேள்வி. நாற்பத்தொரு நேர்காணல்களை அவன் பதிவு செய்திருந்தான். அவற்றுள் ஒன்று தந்தையுடையது.

பொம்மை பூட்ஸுக்கு அவன் வந்தது ஆர்வத்தினால் அன்று. ஆய்வு உதவித்தொகை ஏழு மாதம் வரவில்லை. ஏதோ ஒரு சான்றிதழ் ஏதோ ஒரு மேசையில் நின்றுபோனதாகச் சொன்னார்கள். பர்ச்சியைப் பற்றி ஆராய்கிறவனுக்கே ஒரு பர்ச்சி வந்து வாய்த்தது; அதை விற்கச் சந்தை இல்லை என்பதுதான் வேறுபாடு. பக்கத்து அறையில் ஒரு இயற்பியல் மாணவன் இருந்தான். பன்னிரண்டு அங்குலப் போர்வீரர் பொம்மைகளைச் சேகரிக்கும் வசதியும் பழக்கமும் உள்ளவன். ஒரு நாள் அவனுடைய பொம்மை ஒன்றின் பூட்ஸைக் கழற்றியபோது காலும் சேர்ந்து பிசுபிசுவென்று வந்தது. வினைல் பூட்ஸ் மென்மையாக இருப்பதற்காகச் சேர்க்கப்படும் எண்ணெய்ப்பசை போன்ற பொருள் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் கடினப் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். நெடுநாள் பூட்ஸ் அணிந்து நின்ற பொம்மைகளுக்கு நேரும் நோய் அது. 'தோலில் செய்தால் இப்படி ஆகாது' என்று அவன் வாய்தவறிச் சொன்னான். 'செய்ய முடியுமா' என்று மற்றவன் கேட்டான். முடியும் என்பதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இந்தப் பொம்மைகளின் வரலாறே ஒரு பெயர்மாற்றத்தில் தொடங்குவது. 1964இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ.ஜோவை வெளியிட்டபோது, பையன்கள் பொம்மையோடு விளையாட மாட்டார்கள் என்ற அச்சத்தில் 'பொம்மை' என்ற சொல்லை விலக்கி 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்று பெயரிட்டார்கள். உடை மாற்றிப் பார்ப்பது பெண்பிள்ளை விளையாட்டு. சீருடை மாற்றிப் பார்ப்பது வீரம். தோலும் துணியும் அப்படியேதான் இருந்தன, சொல்தான் மாறியது. சொல் மாறினால் செய்தொழிலின் மதிப்பு மாறும் என்பதை அறிய இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அமெரிக்க உதாரணம் தேவையில்லை.

தொழிற்சாலைகள் முகத்துக்கும் துப்பாக்கிக்கும் காட்டிய அக்கறையைக் கால்களுக்கும் கைகளுக்கும் காட்டியதில்லை. 1970களில் மீகோ நிறுவனம் வெளியிட்ட எட்டு அங்குல பேட்மேன், விரல் பிரியாத துணிக் கையுறையோடு, அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கப்போகிறவரைப் போலவே நின்றார். பொருள்களைப் பற்றிக்கொள்ளும்படி மென்ரப்பரில் செய்யப்பட்ட ஜி.ஐ.ஜோவின் கைகளோ காலப்போக்கில் விரல்விரலாக உதிர்ந்தன. ஆகவே, பழைய பொம்மைகளைப் பேணுகிறவர்களும் புதியவற்றைத் தம் விருப்பப்படி மாற்றியமைக்கிறவர்களும் முதலில் தேடுவது பூட்ஸும் கையுறையும் செய்து தரும் ஆளைத்தான்.

எளிதாகத் தோன்றும் கணக்கு இது: எல்லாவற்றையும் ஆறால் வகுக்கவேண்டும். ராணுவ பூட்ஸின் மேல்தோல் இரண்டு மில்லிமீட்டர் என்றால் பொம்மைக்கு அதில் ஆறில் ஒன்று, அதாவது மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. கடையில் கிடைக்கும் எந்தத் தோலும் அவ்வளவு மெல்லியதாக இராது. பழைய டில்லியில் புத்தகம் கட்டும் ஒருவரிடம், ஆட்டுத்தோலின் மேற்படலத்தை மட்டும் பிரித்தெடுத்த, அட்டைகளுக்கு ஒட்டும் மெல்லிய தோலின் வெட்டுத்துண்டுகளை அவன் எடைக்கு வாங்கினான். அதையும் கண்ணாடிப் பலகையின்மேல் விரித்து 'ராம்பி'யால் சீவினான். ராம்பி என்பது வட இந்தியத் தோல் தொழிலாளரின் அகன்ற கத்தி. அதைத் தள்ளிச் சீவும்போது கட்டைவிரல் எங்கே நிற்கவேண்டும் என்பதை அவனுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. ஆனால் அது அங்கேதான் நின்றது. பதினான்கு வயதுவரை முன்னறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவன் அல்லவா.

ஆறால் வகுபடாதவை பல உண்டு. தோலின் மயிர்க்கால் துளைகள் வகுபடா. மாட்டுத்தோலில் செய்த குட்டி பூட்ஸ் யானைத்தோலில் செய்ததுபோல் தோன்றும். ஆட்டுக்குட்டித் தோலே பொருந்தும். தையல் வகுபடாது, உண்மையான பூட்ஸில் மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு தையல் என்றால் இங்கே அரை மில்லிமீட்டர். எந்த ஊசியும் அப்படி அடுத்தடுத்துத் துளைத்தால் தோல் தபால்தலையைப் போலக் கிழிந்துவிடும். ஆகவே பின்புற இணைப்பை மட்டும் மெய்யாகத் தைத்துவிட்டு, மற்ற இடங்களில் பழைய கைக்கடிகாரத்தின் பற்சக்கரத்தை ஈரத்தோலின்மேல் உருட்டித் தையலின் தடத்தை மட்டும் பதித்தான். நாடா கோக்கும் துளைகளுக்கு மெல்லிய மின்கம்பியின் உறையை வளையம் வளையமாக நறுக்கிப் பதித்தான். அடிப்பாகத்து ஆணிகளுக்குக் குண்டூசித் தலைகள், குதியின் லாட இரும்புக்குக் குளிர்பானக் குவளையின் தகடு.

எல்லாவற்றிலும் வியப்பானது மடிப்பு. உயரமான பூட்ஸ் அணிந்தவரின் கணுக்காலில் தோல் தன் எடையாலேயே தொய்ந்து சுருக்கங்களாக விழும். பொம்மையில் அது விழாது. கணக்குப்படி மெலித்த தோலும் அட்டைக்குழாய் போல் விறைத்து நிற்கும். இயற்பியல் மாணவன் இதற்கு ஒரு மாலை நேரத்தைச் செலவிட்டு விளக்கம் எழுதித் தந்தான். ஒரு தகட்டின் வளையா விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. அதைக் கீழே இழுக்கும் எடையோ தடிமனை மட்டுமே பொறுத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தோலை ஆறில் ஒன்றாக மெலித்தாலும் அது தன் எடையால் தொய்வதற்கு வேண்டிய நீளம் ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகவே குறைகிறது. சிறியவை எப்போதும் தம் அளவுக்கு மீறி விறைப்பானவை. பெரிய விலங்கின் எலும்பு சிறிய விலங்கின் எலும்பை அப்படியே பெருக்கியதாக இருக்க முடியாது என்று கலிலியோ 1638இல் எழுதியதன் மறுபக்கம் இது. வழி என்னவென்றால், மடிப்பை ஈர்ப்பு விசையிடம் விடாமல் கையால் செய்வதுதான். ஈரத்தோலை அச்சில் மாட்டி, கணுக்காலைச் சுற்றி நூலால் இறுக்கி, ஓர் இரவு உலரவிட்டு, காலையில் நூலை அவிழ்த்தால் அவன் பல மைல் நடந்திருப்பான். 'அவன்' என்றால் பொம்மை.

அச்சைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆக்ராவில் அதை ஃபர்மா என்பார்கள். மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த பாத வடிவம்; அதன்மேல்தான் தோலை இழுத்துக் காலணியாக்குவது. பொம்மையின் பாதம் பெரும்பாலும் கணுக்கால் முளையில் செருகும் ஒரு சிறு கட்டி, அச்சாகப் பயன்படாது. குழாய்க் கசிவை அடைக்க வீடுகளில் பயன்படுத்தும் எம்-சீலைப் பிசைந்து, உலர்ந்தபின் இழைத்து, இரண்டாகப் பிளந்து அவன் தனக்கென ஃபர்மா செய்துகொண்டான். பிளக்காவிட்டால் முடிந்த பூட்ஸுக்குள்ளிருந்து அச்சை வெளியே எடுக்க இயலாது. அவனது முதல் ஃபர்மாவில் அந்தப் பிளவு இல்லை. அச்சு உள்ளேயே சிறைப்பட்ட அந்த ஒற்றை பூட்ஸ் இன்றும் இழுப்பறையில் கிடக்கிறது.

லெவி-ஸ்ட்ராஸ் 1962இல் வெளியிட்ட நூலில் சிற்றுருவங்களைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கருத்து உண்டு. பெரிய பொருளை உறுப்பு உறுப்பாகத்தான் அறியமுடியும். சிற்றுருவத்தில் முழுமை முதலில் பிடிபடுகிறது, உறுப்புகள் பின்னர் வருகின்றன, அதுவே அதன் இன்பம் என்பது அதன் சாரம். பார்வையாளரைப் பற்றிய உண்மை இது. செய்கிறவருக்கு இது பொருந்துவதில்லை. அவருக்கு முழுமை கடைசிவரை இல்லை. குதிகாலின் உள்ளே செருகும் தோல்துண்டின் விளிம்பு மட்டுமே இருக்கிறது. மானுடவியலின் பல சிக்கல்கள் இந்த இடத்தில்தான், யார் கையில் பொருள் இருந்தது என்ற கேள்வியைக் கேட்க மறந்ததில்தான் தொடங்குகின்றன.

இதையெல்லாம் அவன் வீட்டில் சொல்லவில்லை. மாலையில் சில பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருவதாகச் சொல்லியிருந்தான். காரணம் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் அவன் ஒரு நாள் உதவி செய்யும் எண்ணத்தில் ராம்பியை எடுத்தபோது, தந்தை அதைப் பிடுங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். இந்தக் கையில் பேனாவைத் தவிர வேறொன்றும் ஏறக்கூடாது என்றார். வெறுப்பினால் சொன்னதன்று அது. ஆக்ராவின் ஜாடவ்களுக்குக் காலணித் தொழில் வெறும் இழிவின் வரலாறு அன்று. சொந்தப் பட்டறைகளும் கையிருப்பும் அரசியல் விழிப்பும் அதன் வழியாகவே வந்தன என்பதை ஓவன் லிஞ்ச் 1969இலேயே ஒரு நூலாக எழுதியிருக்கிறார். அந்தப் பெருமையும் தந்தைக்கு உண்டு. அதிலிருந்து மகன் வெளியேறிவிடவேண்டும் என்ற உறுதியும் உண்டு. 1956 மார்ச் 18 அன்று அம்பேத்கர் ஆக்ராவில் பேசியபோது தாத்தா கூட்டத்தில் இருந்தார். படித்து மேலே போனவர்கள் தம் மக்களைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று அன்று அவர் மனம் நொந்து சொன்னதை வீட்டில் பண்டிகை நாள்களில் நினைவுகூர்வார்கள். ஆகப் பேரனுக்கு இரண்டு கட்டளைகள்: தோலை விட்டு வெளியேறு; வெளியேறியபின் திரும்பிப் பார். எவ்வளவு தூரம் திரும்பலாம் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

விடுதியில் செய்தி பரவ அதிக நாள் ஆகவில்லை. பலர் பாராட்டினார்கள். ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தபோது வாசலில் வார் அறுந்த ஒரு செருப்பு வைக்கப்பட்டிருந்தது. யார் வைத்தது என்று தெரியவில்லை. வேடிக்கையாக இருக்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். வேடிக்கையாகத்தான் இருக்கும், இத்தகையவை எப்போதும் வேடிக்கையாகத்தான் இருக்கின்றன. ஜாடவ் அல்லாத ஒருவன் இதே பூட்ஸைச் செய்திருந்தால் அது 'ஹாபி'. அந்தச் செருப்பை அவன் பகல் முழுவதும் அங்கேயே விட்டுவைத்தான். மாலையில் அது இல்லை.

இதற்கிடையில் கையுறை வந்தது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டுசெல்லும் போர்க்காலத் தூதர் ஒருவருக்கு முழங்கைவரை நீளும் தோல் கையுறை கேட்டார். விரல்கள் தனித்தனியாக இருக்கவேண்டும், கை ஹேண்டில்பாரைப் பற்றவேண்டும். பூட்ஸில் கிடைத்த துணிவில் அவன் ஒப்புக்கொண்டுவிட்டான்.

கையுறை வேறு உலகம். மெய்யான தோல் கையுறையில் உள்ளங்கையும் புறங்கையும் ஒரே துண்டு, கட்டைவிரல் தனித்துண்டு, விரல்களுக்கு இடையே பக்கச்சுவராக நீளும் ஆறு பட்டைகள், அவற்றின் அடியில் சிறு முக்கோணத் துண்டுகள். இதை ஆறால் வகுத்தால் ஒரு விரலின் அகலம் மூன்று மில்லிமீட்டர், பக்கப்பட்டை நூலைவிடச் சற்றே அகலம். தைத்துப் புரட்டுவது நடவாது. பலர் இதற்குக் குறுக்குவழிகளைக் கையாள்கிறார்கள். பொம்மையின் வெறுங்கையைத் திரவ ரப்பரில் பலமுறை தோய்த்தால் கையுறைபோன்ற படலம் கிடைக்கும். சில ஆண்டுகளில் அது பிசுபிசுத்தோ வெடித்தோ போகும். அல்லது கையையே கழற்றிவிட்டு, கையுறை அணிந்த கையாகவே செதுக்கி வார்த்து மாட்டிவிடலாம். பார்வைக்குக் குறையில்லை. ஆனால் உள்ளே கை இல்லாத கையுறையை அவன் ஏற்கவில்லை. அந்தப் பிடிவாதம் வணிகத்துக்கு ஆகாதது. இரண்டு மெல்லிய படலங்களைக் கையின் இருபுறமும் வைத்து, விரல்களின் ஓரங்களில் ஒட்டி, உலர்ந்தபின் ஒட்டை ஒட்டி வெட்டி, தையல் வெளியே தெரியும் முரட்டுக் கையுறையின் தோற்றம் கொடுத்தான். நான்கு விரல்கள் வந்தன. கட்டைவிரல் ஒவ்வொரு முறையும் அடியில் கிழிந்தது. பதினோரு முறை கிழிந்தது.

அந்த வாரத்தில் தந்தை கண்புரை அறுவைக்காக டில்லிக்கு வந்தார். கருவிகளையும் தோலையும் டிரங்குப் பெட்டிக்குள் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளியாயிற்று. பயனில்லை. ரப்பர் பசையின் வாசனையோடு நாற்பது ஆண்டு வாழ்ந்த மனிதர் அறை வாசலிலேயே நின்றார். பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஒரு கண்ணில் கட்டுப் போடப்படுவதற்கு முந்திய நாள் அது. மங்கலான பார்வையோடு ஒரு பூட்ஸை எடுத்து, கவிழ்த்தார். அடிப்பாகத்தை நெடுநேரம் விரலால் தடவினார். பின்னர் அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, மூன்று இரவுகள் மகனோடு அதைப்பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. கட்டு அவிழ்த்த நாளில் ரயில் ஏறினார். ஜன்னல் வழியாக, 'பாடம் சொல்லித்தருகிறேன் என்றாய்' என்பது மட்டும் வந்தது.

நான்காம் நாள் இரவு தொலைபேசி ஒலித்தது. நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

"அந்தக் கட்டைவிரல் துண்டை எந்த வாக்கில் வெட்டினாய்?"

"மிச்சம் இருந்த இடத்தில் வெட்டினேன், பாபுஜி."

"தோல் எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று பார்த்தாயா?"

"பார்க்கவில்லை."

"படித்தவன்," என்றார் தந்தை.

பிறகு அரைமணி நேரம் பேசினார். விலங்கின் தோல் எல்லாப் பக்கமும் ஒரேபோல் இழுபடாது. முதுகெலும்பை ஒட்டிய பகுதி இறுக்கம், வயிற்றுப்பகுதி தளர்வு. ஒவ்வொரு இடத்திலும் இழுபடும் வாக்கு ஒன்றும் இழுபடா வாக்கு ஒன்றும் உண்டு. காலணியின் மேல்தோலை, இழுபடாத வாக்கு குதியிலிருந்து விரல்நுனிக்குப் போகும்படி வெட்டவேண்டும். இல்லையேல் அணிய அணிய நீண்டுபோகும். கையுறை அவர் செய்ததில்லை. ஆனாலும் கையும் காலைப் போலத்தான் இருக்கும் என்றார்: நீளத்தில் நிற்கவேண்டும், அகலத்தில் கொடுக்கவேண்டும். கட்டைவிரல் மட்டும் வேறு திசையில் கிளம்புவதால் அதன் துண்டைத் திருப்பி வைத்து வெட்டவேண்டும். கடைசியில், அந்த ஆள் என்ன கொடுக்கிறான் என்று கேட்டார். மகன் தொகையைச் சொன்னான். தந்தையின் ஒரு வாரக் கூலியைவிடச் சற்று அதிகம் அது. மறுமுனையில் சிறிது நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

"பர்ச்சியா?"

"இல்லை, பாபுஜி. முழுப்பணமும் முன்னாலேயே கொடுத்துவிட்டார்."

தந்தை சிரித்தார். ஆண்டுகள் பல கழித்து அவன் கேட்ட சிரிப்பு.

பன்னிரண்டாவது கட்டைவிரல் கிழியவில்லை. ஆனால் அன்றிரவு அவனை உறங்கவிடாதது வேறு. தோலின் வாக்கைப் பற்றித் தந்தை சொன்னவற்றை ஏற்கெனவே கேட்டதுபோல் இருந்தது. ஆய்வுக்காக மூன்று ஆண்டுகளுக்கு முன் எடுத்த நேர்காணலின் எழுத்துப்படியைத் திறந்து பார்த்தான். பர்ச்சியைப் பற்றிய பேச்சுக்கு நடுவே, பக்கத்தின் பாதியில், அவனே அடைப்புக்குள் எழுதியிருந்தான்: 'தொழில்நுட்ப விவரம், விடப்பட்டது.' ஒலிப்பதிவைத் தேடியெடுத்தான். பத்தொன்பது நிமிடங்கள் தந்தை தோலைப் பற்றிப் பேசியிருந்தார். மற்ற நேர்காணல்களிலும் அதே அடைப்புக்குறி. நாற்பத்தொன்றில் இருபத்தாறில்.

விட்டுப்போனது அலங்கார விவரம் அன்று. பர்ச்சியை விற்கும்போது போகும் பணத்தை அவர்கள் எங்கே மீட்கிறார்கள் என்பதற்கான விடை அந்த அடைப்புகளுக்குள் இருந்தது. ஒரு தோலில் வாக்குத் தவறாமல் எத்தனை ஜோடி வெட்டுவது, தளர்ந்த வயிற்றுப்பகுதியை வெளியே தெரியாத எந்த உறுப்புக்குத் தள்ளுவது, வியாபாரி கண்டுபிடிக்கும் பிழை எது, கண்டுபிடிக்காத பிழை எது என்று வரிவரியாகச் சொல்லியிருந்தார்கள். 'சீட்டில் போவதைத் தோலில் எடுக்கிறோம்' என்று ஒரு முதியவர் நேரடியாகவே சொல்லியிருந்தார். கடனைப் பற்றிய ஆய்வுக்கு இது தொடர்பற்றது என்று தொழிலாளியின் மகன் ஒருவன் முடிவு செய்து நீக்கியிருந்தான். கோட்பாட்டை ஒரு சாராரும் தரவை மறு சாராரும் தருவதாகப் பிளவுபட்டுக் கிடக்கும் இந்தியச் சமூக அறிவியலைப் பற்றிக் கோபால் குரு 2002இல் எழுதிய கட்டுரையை அவன் மேற்கோள் காட்டாத கருத்தரங்கம் இல்லை. அந்தப் பிளவு தன் எழுத்துப்படிகளின் அடைப்புக்குறிகளுக்குள் குடியிருந்ததை அவன் அறியவில்லை.

மூன்றாம் இயலை அவன் திரும்பப் பெற்றான். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நாள் தள்ளிப்போனது. உதவித்தொகைக்கான காலம் அதற்கு முன்பே முடிந்துவிடும். நெறியாளர் நல்லவர். காரணத்தைக் கேட்டவர், மேசையில் இருந்த பூட்ஸைப் பார்த்து மகிழ்ந்து, இதையே முறையியல் இயலில் தன்வரலாற்று இனவரைவியலாக எழுதலாமே, படங்களோடு சேர்த்தால் தேர்வாளர்கள் மிகவும் விரும்புவார்கள் என்றார். அவர்கள் விரும்புவார்கள் என்பதில் அவனுக்கு ஐயமில்லை. அந்த விருப்பம்தான் அவனை அச்சுறுத்தியது. காலணி செய்கிறவரின் மகன் காலணி செய்து காட்டும்போது அறிவுலகம் அடையும் பரவசத்துக்கும், வாசலில் செருப்பு வைத்தவரின் வேடிக்கைக்கும் இடையே உள்ள தொலைவை அவனால் உறுதியாக அளக்க முடியவில்லை. பூட்ஸைப் பற்றி ஆய்வேட்டில் ஒரு வரியும் வராது என்று சொல்லிவிட்டான். அடைப்புக்குள் இருந்த இருபத்தாறு பேரின் சொற்கள் வரும். நெறியாளருக்கு இதில் முழு உடன்பாடு இல்லை, இன்றும் இல்லை. அவர் சொல்வதிலும் பொருள் உண்டு. கை அறிந்ததை மறைத்துவிட்டு அந்த அறிவால் திருத்திய இயலை மட்டும் காட்டுவது ஒருவகையில் இன்னொரு அடைப்புக்குறிதான்.

இப்போது அவன் செய்துகொண்டிருப்பது யாரும் கேட்காத ஒரு வீரனுக்கு. இந்தப் பொம்மைகளின் சந்தையில் ஜெர்மானியச் சீருடைகளுக்குக் குறைவில்லை. பளபளக்கும் உயர பூட்ஸ் கேட்டு வரும் கடிதங்களில் பாதி அவற்றுக்காகத்தான். அவற்றை அவன் செய்து தந்திருக்கிறான், உணவுக்கட்டணம் கட்டியிருக்கிறான். சமார் ரெஜிமெண்டின் சிப்பாய் யாருடைய பட்டியலிலும் இல்லை. 1943இல் தொடங்கப்பட்டு, பர்மா முனையில் போரிட்டு, 1946இல் கலைக்கப்பட்ட படைப்பிரிவு அது. கான்பூரின் கூப்பர் ஆலன் போன்ற ஆலைகளில் அன்றைய ராணுவத்துக்கு பூட்ஸ் தயாரானது. அந்த நகரத்தின் தோல் தொழிலாளர்களிலும் பலர் இதே சாதியினர். பூட்ஸைச் செய்தவர்களும் அதை அணிந்து மார்ச் செய்தவர்களும் ஒரே சாதிப் பெயரைச் சுமந்த மூன்று ஆண்டுகள் அவை.

கணுக்கால்வரை உயரும் கறுப்பு அம்யூனிஷன் பூட்ஸ். ஃபர்மாவைத் தந்தை செய்து அனுப்பியிருக்கிறார். எம்-சீல் என்ற பொருளின்மேல் அவருக்கு மரியாதை இல்லை. பழைய ஃபர்மா ஒன்றின் குதியை அறுத்து, அந்த மரத்திலேயே கடைந்திருக்கிறார். நடுவில் பிளவு, பிளவில் ஒரு சிறு ஆப்பு. தபாலில் வந்த பொட்டலத்தில் இடது கால் மட்டும் இருந்தது. வலது காலுக்கு இன்னும் சில நாள்கள் ஆகும், கண் கூசுகிறது என்றார்.

பர்மாவின் காட்டுக்குக் கையுறை தேவையில்லை. ஆனால் வெறுங்கைகள் வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தன. கடைகளில் அவனுக்குக் கிடைத்த கைகள் எல்லாம் வெளிறிய நிறத்தில் இருந்தன, வண்ணம் பூசவேண்டும். பழுப்பில் நான்கு கலவைகள் செய்து பார்த்தும் மனம் ஒப்பவில்லை. தந்தையின் கையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னான். தங்கை எடுத்து அனுப்பிய படத்தில் கை பாதிதான் தெரிகிறது. மீதிப் பாதியை மறைத்துக்கொண்டு, அரையும் குறையுமாகக் கடைந்த வலது கால் ஃபர்மா, குதிப்பக்கம் மேலே தெரியும்படி கவிழ்ந்திருக்கிறது. கட்டைவிரலின் ஓரத்தில் கறுப்புச் சாயம்.